அரிசி டிரம்முக்குப் பின்னால் ஐந்து பாட்டில்

போடிமெட்டுக்கு மேலே,
ஏலக்காய் ஸ்டோர்.
4.8.2024

என் அக்கா அன்னக்கொடியின் ஒரே மகளும், போடிநாயக்கனூர் சாஸ் சாம்ராஜ்யத்தின் பேரரசியும், சொந்தத் தாய்மாமன் நம்பரையே பிளாக் பண்ணிய வீராங்கனையுமான அமுதவள்ளிக்கு,

பதினேழு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, மேகத்துக்கு முட்டுக்கொடுத்து நிற்கும், ஏலக்காய் உலர்த்தும் இந்த ஸ்டோரின் ஏகபோக அதிபதி, வீரையா மாமா எழுதுவது. இங்கே மழை. எப்பேர்ப்பட்ட மழை என்றால், நேற்று ஒரு மீன் வாசல் வரைக்கும் நடந்து வந்து என்னிடம் குடை கேட்டது. கொடுக்கவில்லை. திருப்பித் தராது.

போனில் உன்னைக் கூப்பிட்டால், "நீங்கள் அழைத்தவர்" என்று வேறொரு பொம்பளை ஆரம்பிக்கிறாள். ஐம்பத்து மூணு நாளாக அவளோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். நல்ல பிள்ளை. ஆனால் சொன்னதையே சொல்கிறாள். அதனால்தான் பேப்பர், பேனா, கடுதாசி கொண்டுவரச் சுடலையின் எஸ்டேட் ஜீப்பு.

விஷயத்துக்கு வர்றேன். இங்கே ஏலச் செடிக்கு ஊடே காந்தாரி மிளகாய் காய்த்துக் கிடக்கிறது. ஒன்றைக் கடித்தால் மலையாளத்தான் தமிழ் பேசுவான், தமிழன் ஊமையாவான். ஒரு பை பறித்து, உன்னைப் போலவே, கெடாமலிருக்கப் போடும் பவுடர் கிவுடர் எதுவும் இல்லாமல் சாஸ் போட்டேன். தக்காளி, பூண்டு, மிளகாய், எல்லாம் பச்சையாக அரைத்தேன். பாட்டிலின் கழுத்து வரைக்கும் ஊற்றினேன். இறுக்கி மூடினேன். கைக்குழந்தையைப் போலக் கதகதப்பாக டிரையர் பக்கத்தில் படுக்க வைத்தேன். நாலாம் நாள் வெடித்தது. மூடி கூரையைப் பிளந்துகொண்டு பறந்து பூப்பாறையில் இறங்கியதாகத் தகவல். கேரளாப் போலீஸ் என்னைத் தேடுகிறது. எங்கே தப்பு என்று நீதான் சொல்லணும்.

இன்னொன்று. அன்றைக்கு நீ வாசலில் சொன்னதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அக்காவின் மேல் போர்த்தப் பிறந்த வீட்டுக் கோடியைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தவனை, தெருவே பார்க்க, "எங்கம்மாவைக் கொன்ன கையால கோடி போட வேண்டாம், கொண்டுட்டுப் போங்க"ன்னே. திரும்பி நடந்தேன். கொட்டுக்காரர்களிடம் நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. பாவம், அவர்களும் அடித்துக்கொண்டே என் பின்னால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தார்கள். போடி சரித்திரத்தில் எந்த ராஜாவையும் இத்தனை மரியாதையோடு வழியனுப்பியது கிடையாது.

சேலை பத்திரமாக இருக்கிறது. கத்திரிப்பூக் கலர் சுங்குடி. அக்காவுக்குப் பிடித்த கலர்.

கூரையில் ஓட்டை விழுந்த மாளிகையிலிருந்து,
வீரையா மாமா


போடி
19.8.2024

மாமா,

சுடலை அண்ணன் மூணு நாளா வாசல்ல ஆரன் அடிச்சுக்கிட்டு, "மாமாவுக்குப் பதில் கொடுத்தாத்தான் ஜீப்பை எடுப்பேன் தங்கச்சி"ன்னு நிக்கிறாரு. உள்ளே எஸ்டேட் ஆளுக பத்துப் பேர் சோத்து வாளியோட காத்துக்கிடக்காங்க. அவங்களுக்காக எழுதறேன்.

பாட்டிலைக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கலை, அது மொதத் தப்பு. அரைச்சதை அடுப்புல வத்த வைக்கலை. கழுத்து வரைக்கும் ஊத்தினீங்க, ஒரு விரக்கடை இடம் விடணும். சூட்டோட ஊத்தி மூடி, மூடின பாட்டிலைத் திரும்பவும் தண்ணியில வச்சுக் கொதிக்க விடணும். பவுடர் போடாத சாஸைத் தாங்கிப் பிடிக்கிறது மூணே மூணு: புளிப்பு, உப்பு, கொதி. புளிப்புக்கு வினிகர் ஊத்துங்க. புளிப்பு போதுமான்னு பார்க்க எங்கிட்ட அளவுத் தாள் இருக்கு, சாஸுல நனைச்சா நாலுக்குக் கீழ காட்டணும். உப்பை நாக்குக்கு அளந்து போடாதீங்க, நாளுக்கு அளந்து போடுங்க. எத்தனை மாசம் நிக்கணுமோ அத்தனை உப்பு.

அந்த உப்பைத்தான் நீங்க எங்கம்மாவுக்குக் கொண்டாந்து கொடுத்தீங்க.

கிட்னி ரெண்டும் போன மனுசி. வாரம் ரெண்டு தரம் தேனிக்குக் கூட்டிட்டுப் போய் டயாலிசிஸ். உப்பு கூடாது, தக்காளி கூடாது, தண்ணிகூட அளந்துதான்னு டாக்டர் சொல்லும்போது நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. என்னைவிடப் பெருசாத் தலையாட்டினீங்க.

கடைசி வாரம் பூராம் தாகம் தாகம்னு கெடந்தா. எனக்குத் தெரியாம எப்படியோ தண்ணி குடிச்சிருக்கா. நெஞ்சுல நீர் கோத்துக்கிச்சு. அவ போன மறுநாள் காலையில, ஆளுக உக்கார இடம் வேணும்னு அரிசி டிரம்மை நகர்த்தினேன். பின்னால அஞ்சு பாட்டில். என் பாட்டில். என் லேபிள். நாலு காலி, ஒண்ணுல கால்வாசி மிச்சம்.

அஞ்சு பாட்டில், மாமா. இதுக்கு ஒரு ஜோக் சொல்லுங்க பார்ப்போம்.

இனி எழுத வேண்டாம்.

அமுதா


ஏலக்காய் ஸ்டோர்
8.9.2024

மகாராணியின் சமூகத்துக்கு, கைதி வீரையா தாக்கல் செய்வது.

எழுத வேண்டாம் என்று உத்தரவு. இது கடிதம் இல்லை, வாக்குமூலம். வாக்குமூலத்தை வாங்க மாட்டேன் என்று சொல்ல எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீ மிளகாய் வாங்கப் போயிருந்தாய். அக்கா கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏலே வீரா, நாக்கு செத்துப் போச்சுடா. மண்ணைக் கரைச்சுக் குடிக்கிற மாதிரி இருக்கு. ஊரே எம்மக சாஸை வழிச்சு நக்குது. பெத்தவ நான் பாட்டில் கழுவுறதோட சரி"ன்னா.

நான் யார்? காட்டுமாடு எதிரே வந்தால், "என்னடா முறைப்பு, ஒதுங்கு" என்று அதட்டி வழி வாங்குகிறவன். ஒற்றை யானையிடம் பீடிக்கு நெருப்புக் கேட்டவன். அப்பேர்ப்பட்ட நான் அக்கா கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணியைப் பார்த்ததும் கவிழ்ந்துவிட்டேன். மறுவாரம், நீ எஸ்டேட்டில் விற்கச் சொல்லிக் கொடுத்திருந்த பாட்டிலையே சுடுதண்ணி பிளாஸ்க்குக்குள் இறக்கி, மேலே துண்டைச் செருகி, உன் கண் முன்னாலேயே உள்ளே கொண்டுபோனேன். நீ பிளாஸ்க்கைக் கையில் வாங்கி, "என்ன மாமா இம்புட்டுக் கனம்"ன்னே. "மலைத் தண்ணி கனமாத்தான் இருக்கும்"னேன். சிரிச்சே. அந்தச் சிரிப்பைத்தான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

டாக்டர் சொன்னது காதில் விழுந்தது ஆத்தா. ஆனால் நான் நம்பினது உன் லேபிளை. "கெமிக்கல் கிடையாது. குழந்தை முதல் பெரியவர் வரை அனைவரும் சாப்பிடலாம்." நூறு பாட்டிலில் என் கையாலேயே ஒட்டியிருக்கிறேன். கடைச் சரக்கில்தான் விஷம், டாக்டர் அதைத்தான் வேண்டாம் என்கிறார், எங்கள் பிள்ளை ஆக்கினதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். நாளுக்கு அளந்து போட்ட உப்பு அதற்குள் இருக்கிறது என்று உன் கடுதாசியைப் பார்த்த பிறகுதான் இந்த மண்டைக்குள் ஏறியது.

ஐந்து என்று எழுதியிருக்கிறாய். ஐந்துதான். வேண்டுமானால் ஐநூறு என்று போட்டுக்கொள். லாரியில் லோடு ஏற்றிக் கொண்டுவந்தேன் என்று போட்டுக்கொள். எல்லாம் இந்தக் கைதான்.

ஜோக் கேட்டிருந்தாய். யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

வீரையா


போடி
2.10.2024

மாமா,

லேபிளைச் சொல்லிக் காட்டுறீங்களா? நல்லா இருக்கு.

உங்க வாக்குமூலம் வந்த அன்னைக்கே மிச்சமிருந்த பாட்டிலை எல்லாம் அண்டாவுல ஊறப்போட்டு, லேபிளைச் சுரண்டினேன். நல்ல பசையா வாங்கியிருக்கேன் போல. ரெண்டு நகம் போச்சு. அடுப்பு மூட்டி நாலு மாசமாகப் போகுது. மதுரைக் கடைக்காரர் போன் பண்ணிக்கிட்டே இருக்காரு. தக்காளி வரத்து இல்லைன்னு சொல்லிட்டேன். சந்தையில தக்காளி கொட்டிக் கிடக்கு.

அக்கா கண்ணுல தண்ணியைப் பார்த்ததும் கவிழ்ந்துட்டீங்களாக்கும். எங்கிட்ட அவ அழலையா? தினம் மூணு வேளை அந்தக் கிண்ணத்தை எம்பக்கம் தள்ளினா. நான் தினம் மூணு வேளை அதே உப்பில்லாத கஞ்சியை அவ பக்கம் தள்ளினேன். "நீ எனக்கு மகளா, ஜெயில் வார்டனா"ன்னு கேட்டா. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா. எனக்கு வலிக்கலைன்னு நெனச்சீங்களா?

ஞாயித்துக்கிழமை மட்டும் வந்து, யானைகிட்ட நெருப்பு வாங்கின கதையைச் சொல்லி, பிளாஸ்க்குல பாசத்தைக் கொண்டாந்து கொடுத்துட்டு ஜீப்பு ஏறிடறவங்களுக்கு அது லேசு. திங்கள்ல இருந்து சனி வரைக்கும் வில்லியா இருந்தவ நான்.

இதுக்குப் பதில் போடாதீங்க. நெசமாத்தான் சொல்றேன்.

அமுதா


ஏலக்காய் ஸ்டோர்
12.11.2024

அமுதாவுக்கு,

பதில் போடவில்லை. பாட்டில் ஒன்று அனுப்புகிறேன். கூட ஒரு துண்டுச்சீட்டு இருக்கணுமே, அதற்காக இது.

நீ சொன்னபடி, ஒன்று தவிர, எல்லாம் செய்தேன். பாட்டிலைக் கொதிக்க வைத்தேன். ஒரு விரக்கடை விட்டேன். ஆகஸ்டு கடுதாசிக்குள் நீ அந்த அளவுத் தாளில் ஒன்றை மடித்து வைத்திருந்தாய், அனுப்புகிறேன் என்று ஒரு வார்த்தை எழுதாமல். நனைத்துப் பார்த்தேன். மூன்றரை காட்டியது. நாற்பது நாள் ஆகிறது, வெடிக்கவில்லை. கேரளா நிம்மதியாக இருக்கிறது. ருசி எப்படி என்று எனக்குத் தெரியாது. நீதான் பார்த்துச் சொல்லணும்.

லேபிளில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வெறும் பாட்டிலாகவே அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருகிறவனுக்கு லேசுதான். நீ சொன்னது சரி.

வீரையா


போடி
26.1.2025

மாமா,

பாட்டில் வந்துச்சு. ரெண்டு மாசமாத் திறக்காம அலமாரியில வச்சிருக்கேன்.

நேத்து சுடலை அண்ணன் டீ குடிக்க வந்தவரு வாயை விட்டுட்டாரு. "உங்க மாமாவுக்கு ஓட்டல் சோறே எறங்க மாட்டேங்குது தங்கச்சி. ஆகஸ்டு மாசத்துல இருந்து மனுசன் உப்பே தொடலை. எஸ்டேட்டுப் பயலுக கிண்டல் பண்ணினா, 'ரிஷிகள் சாப்பாடுடா இது, உங்களுக்குச் செரிக்காது'ங்கிறாரு. ஆள் பாதியாயிட்டாரு"ன்னாரு. அதான் ருசி தெரியாதுன்னு எழுதினீங்களா?

உக்காந்து எழுதறேன். நடுவுல நிறுத்தினா முடிக்க மாட்டேன்.

அம்மா போறதுக்கு மூணு வாரம் முந்தி, அரிசி எடுக்கப் போனப்ப டிரம்முக்குப் பின்னால கை பட்டுச்சு. ரெண்டு பாட்டில். ஒண்ணு காலி, இன்னொண்ணு அடியில கொஞ்சம். மூடியில நான் எழுதின தேதியைப் பார்த்தேன். எஸ்டேட்ல விக்க உங்ககிட்டக் கொடுத்த சரக்கு. பத்திக்கிட்டு வந்துச்சு. அம்மாகிட்டச் சண்டை போடணும்னு பாட்டிலைக் கையில எடுத்துக்கிட்டே வந்தேன். அவ உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தா. கஞ்சி இல்லை, சோறு. தட்டை வழிச்சுச் சாப்பிட்டா. நாலு மாசத்துல மொதத் தடவை. என்னைப் பார்த்ததும் தட்டு ஓரத்தைச் சுண்டு விரலால தொடச்சா, சின்னப் புள்ள மாதிரி.

பாட்டிலை முந்தானைக்குள்ள மறைச்சுக்கிட்டேன். திரும்பப் போய் அதே இடத்துல வச்சேன்.

ரெண்டு நாள்ல அதுவும் காலி. மறுநாள் அவ தட்டைத் தொடவே இல்லை. அதுக்கு மறுநாளும் இல்லை. மூணாம் நாள் நான் புதுசா ஒண்ணை எடுத்து டிரம்முக்குப் பின்னால வச்சேன். அது தீர்ந்ததும் இன்னொண்ணு. அப்புறம் இன்னொண்ணு. எதுவுமே தெரியாத மாதிரி கஞ்சிக் கிண்ணத்தையும் தள்ளிக்கிட்டே இருந்தேன். வார்டன் வேஷத்தையும் கழட்டலை.

நீங்க கொண்டாந்தது ரெண்டு. மிச்சம் மூணும் நான் வச்சது.

அது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும், நீங்க கொண்டாந்தது ரெண்டுன்னு. எதையும் நூறு மடங்காப் பெருக்கிச் சொல்ற மனுசன், நான் அஞ்சுன்னு எழுதினதும் அஞ்சுதான், ஐநூறுன்னு போட்டுக்கோன்னு ஒத்துக்கிட்டீங்க. அன்னைக்கு வாசல்ல வச்சு என் வாயில வந்தது உங்களுக்கில்லை மாமா. யாருக்காவது சொல்லணும்னு இருந்துச்சு. தாம்பாளத்தோட நீங்க வந்து நின்னீங்க.

சாஸ் இல்லாட்டி இன்னும் எத்தனை நாள் இருந்திருப்பான்னு டாக்டர் சொல்லலை. நானும் கேட்கலை.

வைகாசியில வருசம் திரும்புது. அந்தக் கோடியை எடுத்துக்கிட்டு வாங்க. படத்துக்கு முன்னால வச்சுப் படைக்கணும். உப்புப் போட்டுச் சாப்பிடுங்க.

அமுதா


ஏலக்காய் ஸ்டோர்
9.2.2025

அமுதா,

எனக்குத் தெரியும் ஆத்தா. அப்பவே தெரியும்.

வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை, நீ பாட்டில் லோடு எறக்கப் போனப்ப அக்கா என்னைக் கிட்டக் கூப்பிட்டா. "ஏலே, நீ இனிமே பிளாஸ்க்கைத் தூக்கிட்டு வராதே. உன்னோட பாட்டில் தீர்ந்து ரொம்ப நாளாச்சு. ஆனா டிரம்முக்குப் பின்னால புதுசு புதுசா மொளைக்குதுடா. புள்ளதான் வைக்கிறா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா, பாவம். நான் கண்டுக்கலை. நீயும் வாயைத் தொறந்துறாதே"ன்னு சொல்லிச் சிரிச்சா. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சா. அவ சிரிச்சு நான் கேட்டது அதுதான் கடைசி.

அறுபது வருசத்துல அவ எங்கிட்ட ரகசியம்னு கொடுத்தது அது ஒண்ணுதான். நீயே எழுதினதாலதான் இப்பச் சொல்றேன்.

ஆனா ஒண்ணு. உன்னைத் தேத்துறதுக்காக நான் கட்டிவிட்ட கதைன்னு நீ நெனச்சா, உன்னைக் குத்தம் சொல்ல முடியாது. மீன் வந்து குடை கேட்டுச்சுன்னு எழுதினவன் நான். காலம் பூராம் சிரிக்க வைக்கிறேன்னு பொய்யா அவுத்துவிட்டேன். இப்ப என் கையில ஒரே ஒரு நெசம் இருக்கு, அதை நம்பச் சொல்ல எங்கிட்ட ஒரு சாட்சி இல்லை.

இன்னொரு பொய்யும் சொல்லியிருக்கேன். சேலை பத்திரமா இருக்குன்னு எழுதினேன். அன்னைக்கு வந்ததும் பிளாஸ்டிக் கவரோட டிரங்குப் பெட்டியில போட்டுப் பூட்டினேன். திறந்து பார்க்கத் தெம்பில்லை. முப்பது வருசமா இந்த ஸ்டோர்ல இருக்கேன். ஏலக்காயில பொட்டு ஈரம் இருந்தாலும் கையில எடுத்ததும் சொல்லிருவேன். அக்கா சேலையை ஒரு நாள் வெயில்ல காட்டணும்னு தோணலை. மழை ஆறு மாசம் பேஞ்சுச்சு. உன் கடுதாசியைப் படிச்சிட்டுப் போய்த் திறந்தேன். மடிப்புக்கு மடிப்பு பூசணம்.

துவைக்கலாம்னு வாளியில தண்ணி பிடிச்சு வச்சேன். துவைச்சா அது கோடி இல்லையே. தண்ணி படாத துணிதானே கோடி. கூடப் பொறந்தவளுக்கு ஒரு சேலை, அதைக்கூட ஒழுங்கா வச்சிருந்து போடத் துப்பில்லாமப் போச்சு. வாளித் தண்ணியைச் செடிக்கு ஊத்திட்டேன்.

எந்த மொகத்தோட வர்றது?

வீரையா


போடி
20.2.2025

மாமா,

அம்மா சொன்னதா நீங்க எழுதினதை நம்புறேனா இல்லையான்னு எனக்கே தெரியலை. நம்பணும் போல இருக்கு. தினம் ஒருக்கா எடுத்துப் படிக்கிறேன். "மொளைக்குது"ங்கிற எடம் வரும்போது அவ குரல் கேக்குது. அடுத்த வரிக்குப் போனதும் உங்க குரலா மாறிடுது.

உங்க பாட்டிலை நேத்துத் திறந்தேன். பூசணம் இல்லை, நொதிச்ச வாடை இல்லை. நல்லா நின்னிருக்கு. ஒரு சொட்டு நாக்குல வச்சேன். உப்பே இல்லை. தக்காளியும் இல்லை. மிளகாய், பூண்டு, வினிகர், அப்புறம் கொதி. நீங்க விட்டது உப்பைத்தான்னு அப்பத்தான் புரிஞ்சுச்சு. அப்படியும் நாலு மாசம் நின்னிருக்கு மாமா. மூணு வேணும்னு உங்களுக்குப் பாடம் எடுத்தேன். ரெண்டே தாங்கியிருக்கு.

ஆறு வருசமா இதே சோலியா இருக்கேன். வினிகர் பக்கத்துலயே இருந்துச்சு. தாள் இருந்துச்சு. அம்மா அங்கேயே உக்காந்து பாட்டில் கழுவிக்கிட்டிருந்தா. உப்பில்லாம ஒரு சாஸ் போட்டு, டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, அவ தட்டுல ஒரு சொட்டு வைக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லை. ஒண்ணு கஞ்சி, இல்லாட்டித் திருட்டு சாஸ். நடுவுல ஒண்ணு இருந்திருக்கு. அதை நீங்க கண்டுபிடிச்சு அனுப்பியிருக்கீங்க, அவ போய் அஞ்சு மாசம் கழிச்சு.

பாட்டிலை மூடி வச்சுட்டு அடுப்படியிலயே உக்காந்திருந்தேன்.

சேலை விஷயம். சாஸுல பூசணம் பூத்தா, மேலாக வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை வச்சுக்க முடியாது. கண்ணுக்குத் தெரியாம அடி வரைக்கும் வேர் விட்டிருக்கும். மொத்தமாக் கொட்டணும். துணி அப்படியில்லை. வினிகர் கலந்த தண்ணியில ஊறப்போட்டு வெயில்ல காயப்போட்டாப் போயிரும். கறை கொஞ்சம் நிக்கும். நீங்க கை வைக்காதீங்க, சுங்குடிச் சாயம் எறங்கிடும். அப்படியே கொண்டாங்க, நான் துவைக்கிறேன்.

துவைச்சா அது கோடி இல்லைதான். அம்மாவுக்குக் கோடி போட வேண்டிய நாள் அன்னைக்கே போச்சு. நான்தான் போக விட்டேன்.

அதனால கோடியா வேண்டாம் மாமா. சேலையாக் கொண்டாங்க. நான் கட்டிக்கிறேன்.

அமுதா